கலைச்செல்வியும் பெட்டிக்குள் இருந்த கடலும்

கலைச்செல்வி இறந்த செய்தி வந்தபோது நான் அவரிடமிருந்து வேறொரு பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கிளிஞ்சல்மேட்டுத் துறையில் கம்பத்து நீர்மட்டப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் கருவி ஒன்று பேசவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டு அவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தேன். வெகுநேரம் கழித்து நீல டிக் விழுந்தது. பார்த்துவிட்டார், இனி கூப்பிடுவார் என்று நிம்மதியாக எழுந்துபோய் டீ குடித்தேன். டீக்கடையிலேயே போன் வந்தது. அவர் எண்தான். "சொல்லுங்க கலை" என்றேன்.

"அண்ணே, நான் செந்தில் பேசுறேன். அக்கா போயிட்டாங்கண்ணே."

செந்தில் அவருடைய தம்பி. காலையில் வரிச்சிக்குடி வீட்டில் தலைவலிக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டார். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பார்ப்பதற்காகத் தம்பி போனைத் திறந்திருக்கிறார். முதலில் இருந்தது என் செய்தி. அப்படியென்றால் அந்த நீல டிக் விழுந்த நேரத்தில் கலை இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது, இதற்கும் இருக்கிறது. ஆனாலும் அந்த டிக்கை இன்றுவரை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

கலையை உங்களில் பலருக்குப் பலவிதமாகத் தெரிந்திருக்கும். வரிச்சிக்குடிக்காரர்களுக்கு அவர் நெல் விவசாயம் செய்கிற வீட்டுப் பெண். சென்னையில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் திரும்பி வந்தவர். பலர் அவர் போக்குவரத்துக் கழகத்தில் இருப்பதாகவே நினைத்திருந்தார்கள். 'பஸ்ல என்னென்ன இருக்குன்னு எழுதுறதுதான் எம்மவ வேலை' என்று அவர் அம்மா ஒருமுறை யாரிடமோ சொல்லிவிட்டார். அதிலிருந்து ஊர்க்காரர்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் பஸ் நிறுத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கலை மறுக்கவே மாட்டார். "சொல்லிப் பாக்குறேங்க" என்பார்.

அவர் சொன்ன பஸ் வேறு. கருவிகளுக்கும் சின்னக் கணினிப் பலகைக்கும் இடையே ஓடுகிற இரண்டு மெல்லிய கம்பிகளைத் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். காரைக்காலில் ஐந்தாறு பேர் வேலை பார்க்கிற சின்ன நிறுவனம் எங்களுடையது. கடலோர ஊர்களில் நீர்மட்டம் காட்டுகிற பெட்டிகளை வைப்பதும் பழுது பார்ப்பதும் வேலை. பற்றவைப்பது, கம்பம் ஏறுவது என் பக்கம். பெட்டிக்கு அறிவு கொடுப்பது கலை பக்கம்.

சேர்ந்த புதிதில் அவர் எனக்குச் சொன்னது இது. வீட்டுக் கணினியில் ஒரு மவுஸைச் செருகினால், நீ யார் என்று கணினி கேட்கும், மவுஸ் தன் பெயரைச் சொல்லும். இந்த இரண்டு கம்பிகளில் அந்தப் பேச்சே கிடையாது. எந்தக் கருவியும் தன்னை யாரென்று சொல்லாது. எந்த எண்ணில் எந்தக் கருவி குடியிருக்கிறது என்று நாம்தான் முன்கூட்டியே ஒரு விவரக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். டிவைஸ் ட்ரீ என்பார்கள். பெட்டி கண் விழித்ததும் அதைப் படித்துத்தான் தன் உடம்பில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்.

"அதுக்குக் கண்ணு கிடையாது சேகர்" என்றார் கலை. "நாம எழுதுனதுதான் அதுக்கு உலகம். இருக்கறத எழுதாம விட்டா, பக்கத்துலயே இருந்தாலும் தெரியாது. இல்லாதத எழுதி வச்சா, இருக்குன்னு நம்பிடும்."

சொல்லிவிட்டுத் தன் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார். சர்க்கரை போடாத டீ. எனக்கு அன்று அது பாடம் மாதிரிதான் இருந்தது, பயமாக இல்லை.

பயம் மண்டபத்தூரில் வந்தது. அங்கே ஒரு பெட்டியில் காற்றழுத்தக் கருவி அடிக்கடி காணாமல் போய்க்கொண்டிருந்தது. நல்ல வெயில் நேரம். கம்பிகளில் எந்தெந்த எண்ணிலிருந்து பதில் வருகிறது என்று கட்டம் போட்டுக் காட்டுகிற ஒரு கட்டளை உண்டு. கலை அதை ஓடவிட்டார். கருவி இருக்க வேண்டியது 76-ம் எண்ணில். அங்கே காலி. யாருமே இல்லாத 77-லிருந்து பதில் வந்தது. மறுபடி ஓடவிட்டார். இப்போது 77 காலி.

"சேகர், கைய உள்ள கொண்டு போங்க. எதையும் தொடாதீங்க."

கொண்டுபோனேன். 77.

"எடுங்க."

எடுத்தேன். 76.

என் கை நெருங்கும்போதெல்லாம் உள்ளே இருந்தது நகர்ந்துகொண்டது. விலகினால் திரும்பி வந்தது. கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்திலேயே வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள், வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. கலை முகத்தில் ஒன்றுமில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பலகையைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அந்தக் கருவியின் எண்ணைத் தீர்மானிக்கிற சின்ன உலோகக் கால் ஒன்று எங்குமே பற்றவைக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. எதிலும் ஒட்டாத அந்தக் கால், ஈரத்துக்கும் என் கையின் நெருக்கத்துக்கும் ஏற்ப 76 பக்கமும் 77 பக்கமும் மாறி மாறிச் சாய்ந்திருக்கிறது.

"பேய்க்குக் கால் இருக்காதும்பாங்க" என்றார் கலை. "இதுக்கு ஒரு கால் ஒட்டல, அவ்வளவுதான். சூடு வைங்க."

வைத்தேன். அதன் பிறகு அது வீடு மாறவில்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது கிளிஞ்சல்மேட்டில் நடந்ததை. இது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பாதிப் பேர் தப்பாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

வேறொரு ஒப்பந்ததாரர் வைத்துவிட்டுப் போன பெட்டி அது. பராமரிப்பு எங்கள் கைக்கு வந்திருந்தது. துறையில் தண்ணீருக்குள் இறக்கிய குழாயில் நீர்மட்டக் கருவி, கம்பத்தில் பெட்டி, மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் ஒரு திரை, மேலே அபாயச் சங்கு. கடல் திடீரென்று உள்வாங்கி ஏறினால் சங்கு தானாக ஊத வேண்டும். கிளிஞ்சல்மேட்டில் சங்கு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. சுனாமியில் ஆள் போகாத வீடு அந்தத் தெருக்களில் குறைவு.

நாங்கள் முதல்முறை போன அன்று கடல் முரடாக இருந்தது. ஃபைபர் படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். நான் துறை ஓரமாக நடந்துபோய்ப் பார்த்தேன். குழாய் உடைந்து தொங்கியது. உள்ளே கருவி இல்லை. எப்போதோ அலை பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. திரும்பி வந்து ஏலக் கொட்டகைத் திரையைப் பார்த்தேன். அதில் நீர்மட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக ஏறுகிறது, மெதுவாக இறங்குகிறது. அமைதியான கடல்.

"கலை, கருவியே இல்லீங்க அங்க."

அவர் நம்பாமல் இல்லை. ஆனால் எதையும் யோசிப்பதற்கு முன்னால், கேபிளைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். எண்கள் ஓடின. கம்பிகள் இரண்டையும் பலகையிலிருந்தே பிடுங்கச் சொன்னார். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியுலகத்தோடு அந்தப் பெட்டிக்கு இப்போது ஒரு தொடர்பும் இல்லை. திரையில் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது.

மீன் கூடையோடு நின்றிருந்த அஞ்சலை அக்கா, "அப்ப இது யாரு சொல்றது?" என்று கேட்டார்.

கலை மணலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மடிக்கணினியோடு உட்கார்ந்தார். கடலுக்கு முகம் காட்டித்தான் உட்காருவார். வெயில் கண்ணில் அடித்தாலும், திரை தெரியாவிட்டாலும், கடலுக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெட்டியின் விவரக் கோப்பைப் பிரித்துப் படித்தவர், கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதில் நீர்மட்டக் கருவிகள் இரண்டு எழுதப்பட்டிருந்தன. ஒன்று நிஜமானது. இன்னொன்று கருவியே அல்ல. சங்கு ஊதுகிறதா என்று சோதிப்பதற்காக, ஒரு பொய்க் கடலை எண்களாக எழுதி வைத்து, அதையும் ஒரு கருவி மாதிரி அறிவித்திருந்தார்கள். சோதனை முடிந்ததும் அதன் பக்கத்தில் 'டிசேபிள்ட்' என்று மாற்றியிருக்க வேண்டும். 'ஓகே' என்றே விட்டுப் போயிருந்தார்கள். நிஜக் கருவி இருந்தவரை பெட்டி அதைக் கேட்டது. அது போன பிறகு ஒரு நாள் கரண்ட் போய் வந்திருக்கும். கண் விழித்த பெட்டி, யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது.

"அப்படின்னா இத்தனை நாளா இவங்க பாத்தது..."

"கடல் இல்ல" என்றார் கலை.

அந்தப் பொய்க் கடலின் எண்களை வரைபடமாகப் போட்டார். அலை அலையாக நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது கோடு. அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்தது. பிறகு செங்குத்தாக எழுந்தது. சங்கைச் சோதிக்கத்தானே எழுதினார்கள். பெட்டி இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு மத்தியானம் சேகர்."

நாங்கள் வராமல் இருந்திருந்தால் மறுநாள் மத்தியானம் அந்த ஊரில் சங்கு ஊதியிருக்கும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் ஓடியிருக்கும். எத்தனை பேர் விழுந்திருப்பார்கள், எந்தக் கிழவரின் நெஞ்சு நின்றிருக்கும் என்று தெரியாது. அதன் பிறகு நிஜமாகவே ஒரு நாள் ஊதினால் யாரும் நம்பியிருக்கவும் மாட்டார்கள்.

கலை அந்த ஒரு வார்த்தையை மாற்றிப் பெட்டியைத் திரும்ப எழுப்பினார். திரை வெறுமையானது. வேலை என்று பார்த்தால் அவ்வளவுதான். எங்கள் முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்துவிட்டார். "சரி பண்ணியாச்சுல்ல, விடுங்க. ஊர்ல போய் ஒண்ணும் சொல்லாதீங்க, கலவரமாயிடும்" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கலை, "சார், நான் ஏற்கெனவே கொட்டகைக்குப் போயிட்டேன்" என்றார். அப்போது அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டு எழுந்து, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, கொட்டகைக்கு நடந்தார்.

பஞ்சாயத்தார் இரண்டு பேரும் பெண்கள் பத்துப் பதினைந்து பேரும் இருந்தார்கள். கலை சுற்றி வளைக்கவில்லை. கருவி போய்விட்டது, பெட்டி பொய் சொல்லிக்கொண்டிருந்தது, நாளைக்கு ஒரு பொய் அலை வந்து சங்கு ஊதியிருக்கும், அதை நிறுத்திவிட்டோம், புதுக் கருவி வரும்வரை சங்கு இல்லை என்று வரிசையாகச் சொன்னார். பஞ்சாயத்தாரில் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எத்தினி நாளு இதப் பாத்துட்டு எம்புள்ளைவொ கடலுக்குப் போனானுவொ தெரியுமா? நீங்க வந்து இப்ப சொல்றீங்க."

"ஆமாங்க. இப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. தெரிஞ்சதும் சொல்றேன்."

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அஞ்சலை அக்கா குறுக்கே வந்தார்.

"அந்த அலை எப்ப வரும்?"

"வராதுக்கா. அது கம்ப்யூட்டருக்குள்ள மட்டும்தான்."

"வராதுன்னு தெரியுது. எப்ப வரும்னு சொல்லு."

கலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேரத்தைச் சொன்னார்.

மறுநாள் எங்களுக்குக் கிளிஞ்சல்மேட்டில் வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் போனோம். போக வேண்டும் என்று கலைதான் சொன்னார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் கரையில் பெண்கள் நின்றிருந்தார்கள். ஆண்கள் சிலர் படகுகளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே ஏற்றியிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், பெயின்ட் அடிக்க என்றார்கள். கடல் முந்தின நாளைவிடத் தணிந்திருந்தது.

கலை மடிக்கணினியில் அந்தப் பொய்க் கடலை ஓடவிட்டார். சங்கோடு அதற்குத் தொடர்பில்லை. எண்கள் மட்டும் ஓடின. அஞ்சலை அக்கா அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"இப்ப?"

"அப்படியே இருக்குக்கா."

பிள்ளைகளிடம் அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வரவேண்டாம், அங்கேயே இருங்கள் என்று சொல்லியிருந்தார்களாம். அதனால் கரையில் சத்தமே இல்லை.

"இறங்குது" என்றார் கலை.

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். கடல் இருந்தபடிதான் இருந்தது. நானும் பார்த்தேன். ஒரு கணம், ஈர மணல் முன்னைவிட அகலமாகத் தெரிந்தது. அலை ஒன்று திரும்பிப் போய், அடுத்தது வரக் கொஞ்சம் தாமதமானது போல இருந்தது. எந்தக் கரையிலும் அப்படித் தாமதமாகும்தான். ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது, யாரும் சொல்லாமலே, நின்றிருந்த அத்தனை பேரும் பின்னால் நகர்ந்திருந்தார்கள். நானும் நகர்ந்திருந்தேன். கலை மட்டும் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏறுது."

"எவ்ளோ?" என்று கேட்டார் அஞ்சலை அக்கா.

கலை உயரத்தைச் சொன்னார். அக்கா கொட்டகைத் தூணைப் பார்த்தார். கண்ணாலேயே அந்த உயரத்தை அதில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"அவ்ளோதானா?" என்றார். "அன்னிக்கு இதுக்கு மேல."

எண்கள் மெல்ல இறங்கி, பழையபடி சாதுவாக ஏறி இறங்க ஆரம்பித்தன. கலை மடிக்கணினியை மூடினார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

அக்கா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது ஒரு பெண், "ஒரு அலை நம்மள வுட்டுட்டுப் போயிட்டு" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

அன்று திரும்பும் வழியில் கலை ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"எத?"

"ஒண்ணுமில்ல விடுங்க."

சிறிது நேரம் கழித்துத்தான் சுமதி என்ற பெயரைச் சொன்னார். பாலிடெக்னிக்கில் உடன் படித்த தோழி, கிளிஞ்சல்மேட்டுப் பெண். சுனாமி வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கலை அவள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வயலில் ஆள் குறைந்ததால் அப்பா போக விடவில்லை. "நான் வருவேன்னு கரையிலயே நின்னுருக்கா. அவ அம்மா சொன்னாங்க" என்றார். எங்கள் சிநேகத்தில் சுமதி பற்றிய பேச்சு அந்த ஒரு தடவைதான்.

புதுக் கருவி வந்ததும் அவரே நின்று பொருத்த வைத்தார். அந்தப் பெட்டிக்கு விவரக் கோப்பை முதலிலிருந்து எழுதினார். ஒவ்வொரு கருவியையும் என்னைக் கழற்றச் சொல்லி, திரையில் அது காணாமல் போவதைப் பார்த்த பிறகுதான் 'ஓகே' என்று எழுதினார். "இருக்குன்னு காட்டுறது பெரிசில்ல சேகர். எடுத்தா இல்லன்னு காட்டணும். அப்பதான் அது இருந்துச்சுன்னு அர்த்தம்" என்றார்.

அவர் உடல் வரிச்சிக்குடி வீட்டு வாசலில் கிடத்தப்பட்டிருந்தபோது கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். இவர்கள் யார், எப்படிப் பழக்கம் என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. அஞ்சலை அக்கா கலையின் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஒங்க பொண்ணு எங்களுக்கு வந்து சொன்னிச்சும்மா" என்றார். அம்மா, "என்ன சொன்னா?" என்று கேட்டார். அக்கா அழுதாரே தவிர விளக்கவில்லை. அம்மாவுக்கு இப்போதும் அது புரிந்திருக்குமா என்று தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவரிடம் போய் நிதானமாகச் சொல்லுங்கள்.

கலையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய தொழிலறிவை அல்ல. அது எனக்கு வராது. புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறார், அவர் பார்த்துக்கொள்கிறார். நான் வைத்துக்கொண்டது, அன்று அவர் மணலைத் தட்டிவிட்டு எழுந்து கொட்டகைக்கு நடந்த அந்த நடையை.

போன வாரம் மண்டபத்தூரில் ஒரு பெட்டி மௌனமாகிவிட்டது. கழற்றிப் பார்த்தேன், உள்ளே உப்பேறிப் போயிருந்தது. மாற்றுப் பலகை கையில் இல்லை. அலுவலகத்துக்குப் போன் செய்ய எடுத்தவன், அதைப் பையில் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்கினேன். படகு நிழலில் நாலைந்து பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, பெட்டி செத்துப் போச்சு. நான் திரும்பி வர்ற வரைக்கும் அது ஒண்ணும் சொல்லாது. நீங்கதான் பாத்துக்கணும்."

வலையை மடியிலேயே வைத்தபடி, உட்கார்ந்த இடத்திலேயே எல்லோரும் கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்கள்.